செல்லும் காசு

கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
காதில் அமைச்சர், வாயில் தமிழ்,
இடையில் இரண்டு விநாடி.
அந்த இரண்டு விநாடிதான் என் சம்பளம்.

நினைவு நாணய மசோதா, இரண்டாம் வாசிப்பு.
"பள்ளிகள் ஒன்றிணைந்ததன் நினைவாக
ஐந்து வெள்ளி மதிப்பில் ஒரு வெள்ளிக் காசு"
என்கிறேன்.
முதல் வெள்ளி விலை, அடுத்தது உலோகம்,
இன்று கிழமையும் வெள்ளி.
பக்கத்துக் கூண்டில் மலாய் பேசும் நூர்ஷாஹிதாவுக்கு
இந்தத் தொல்லை கிடையாது.

பிரிவு மூன்று, உட்பிரிவு ஆ:
ஒரு பக்கம் சிங்கம்.
மறுபக்கம் நான்கு பிள்ளைகள்
கைகோத்து, ஒரே வாசலில்.

"ஒரே கூரையின் கீழ்" என்கிறார்.
"ஒரே கூரையின் கீழ்" என்கிறேன்.
பொய்யில்லை. கூரை ஒன்றுதான்,
செம்பவாங்கில், தகரம்.
மழை பிடித்தால் ஆசிரியரின் வாய் மட்டும் அசையும்.

காலை ஏழரைக்கு ஆங்கிலப் பிரிவு.
மதியம் ஒரு மணிக்கு நாங்கள்,
தமிழ்ப் பிரிவு, பதினேழு பேர்.
அவர்கள் வெளியே வரும் வாசலில்தான்
நாங்கள் உள்ளே போவோம்,
தோள் உரசாமல்.
யாரும் யாரையும் தடுக்கவில்லை.
காவலர் இல்லை, பலகை இல்லை,
சட்டம்கூடத் தேவைப்படவில்லை.
அட்டவணை போதுமாயிருந்தது.

என் மேசைக்கு மூடி உண்டு.
தூக்கினால் இன்னொருத்தியின் காலைப்பொழுது:
பென்சில் சீவல், புளிப்பு மிட்டாய்த் தாள்,
ஒரு நாள்
பத்துக்காசு.
கடல்குதிரை மேலே பார்த்துக் கிடந்தது.

எடுக்கவில்லை. எடுத்திருந்தால்
சிவப்புச் சாறு ஊற்றிய ஐஸ் பந்து ஒன்று
உள்ளங்கை மரத்துப்போகும்வரை.
திருப்பி மட்டும் போட்டேன், எண் மேலே வர.
மறுநாள் கடல்குதிரை.
திருப்பினேன்.
மறுநாள் மீண்டும் கடல்குதிரை.
ஒரு பருவம் முழுக்க இப்படியே.
உரையாடல் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.
அப்போது அது
காசைத் திருப்பிப் போடுவது, அவ்வளவுதான்.
காய்ச்சலில் நான் வராத மூன்று நாளும்
அவள் என்ன நினைத்தாளோ.

அடுத்த ஆண்டு எல்லாருக்கும் ஒரே மணி.
திடலில் ஒரே வரிசை, ஒரே பாட்டு.
நாற்பது பெண்களின் கைகளைப் பார்த்தேன்.
கேட்க எனக்கு ஆங்கிலம் இல்லை.
ஆங்கிலம் வந்தபோது
கேட்கிற வயது போயிருந்தது.
மூடி வைத்த மேசைகளை
லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், காசோடு.

உறுப்பினர் ஒருவர் எழுகிறார்:
இந்த நாணயம் புழக்கத்துக்கு வருமா?
சட்டப்படி செல்லும், ஐயா,
ஆனால் செலவழிக்க யாருக்கும் மனம் வராது.
அவையில் சிரிப்பு.
என் தமிழ் இரண்டு விநாடி பிந்திப் போகிறது,
சிரிக்க யாரும் மிச்சமில்லை.
மாடத்தில் ஒரே ஒருவர்
காதுக்கருவியை அழுத்திக்கொள்கிறார்.
நாணயம் என்று நான் சொல்லும்போதெல்லாம்
அவர் காதுக்குள் இரண்டு பொருள் போகிறது.
அமைச்சர் ஒன்றுக்குத்தான் பொறுப்பு.

ஆம் என்போர் ஆம் என்கிறார்கள்.
ஆம், என்கிறேன் நானும்.
அது என் வாக்கு அல்ல.

எண்பத்தெட்டு வெள்ளி கொடுத்து
அதை நான் வாங்கப் போவதில்லை.
அரைமணிக்கொருமுறை இந்த நாற்காலிக்கு ஆள் மாறும்.
எழுமுன் பணப்பையைத் துழாவுகிறேன்.
இப்போதைய பத்துக்காசில் கடல்குதிரை இல்லை,
அடுக்குமாடி வீடுகள்.
பரவாயில்லை.
மேசை இழுப்பறையில்
எண் மேலே வர வைத்துவிட்டு
ஒலிவாங்கியை அணைக்கிறேன்.