ஞாயிறு, முப்பத்தெட்டு வெள்ளி

பதினொன்று என்றார் டாக்டர் ஹஸ்லினா.
குறைந்தது இருபது இருக்க வேண்டுமாம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வெளியே பீடோங் வெயில்
மோட்டார் சைக்கிள் சீட்டுகளை வறுத்துக்கொண்டிருந்தது.
செம்பனை லோரி சிந்திவிட்டுப் போன பழம்
தார் ரோட்டில் எண்ணெய் விட்டுக் கிடந்தது.
இந்த ஊரிலா எனக்கு வெயில் பஞ்சம்?

பிறகு கணக்குப் பார்த்தேன்.
மாலை ஆறரைக்குத் தொழிற்சாலை வேன்.
இரவெல்லாம் கையுறை எண்ணும் வேலை,
நூறு நூறாக, எங்கோ யார் கைகளுக்கோ.
காலை ஏழரைக்கு இறங்கி
தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டால் தூக்கம்.
ஒன்பது வருஷமாக
சூரியனும் நானும்
ஷிப்ட் மாறும்போது மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றதும்
வெயில் விற்க எத்தனை பேர்!
தவமலர், என் லைன் லீடர்,
டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள்.
நூற்று எண்பது வெள்ளி, மூன்று தவணை,
இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால்
எலும்பும் உறுதி, கையில் காசும் புரளும்.
பசார் மாலாமில் மைக் பிடித்தவன்
சர்க்கரை, மூட்டுவலி, ஆண்மை மூன்றையும்
ஒரே மூடிக்குள் அடைத்து வைத்திருந்தான்.
கைப்பேசியில் ஒன்று பதினோரு வெள்ளி தொண்ணூறு காசு.
பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதென்று
படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க
எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகக் கலைந்தது.

தவமலரிடம் முதல் தவணை கொடுத்துவிட்டேன்.
ஓவர்டைம் பட்டியல் அவள் கையில்.

அந்தப் பாட்டிலோடுதான் பார்மசிக்குப் போனேன்.
ஊய் என்ற பெண், கண்ணாடி மூக்கு நுனியில்.
எம் ஏ எல் என்று தொடங்கும் பதிவு எண் எங்கே என்றாள்.
தேடினேன்.
தங்க நிறத்தில் ஒரு சிங்கம் இருந்தது,
ஏதோ விருது இருந்தது,
சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம் இருந்தது.
எண் இல்லை.
சாய்த்தால் நிறம் மாறும் சின்ன ஒட்டுத்தாள் இல்லை.
எத்தனை யூனிட் என்பதுகூட இல்லை,
முழுச் சக்தி என்று மட்டும்.

அவள் திட்டவில்லை. கேள்விதான் கேட்டாள்.
சிறுநீரகக் கல் உண்டா?
வேறென்ன மருந்து? கால்சியம்?
உண்டு, கிளினிக் கொடுத்தது.
அதிலேயே கொஞ்சம் டி கலந்திருக்கிறதாம்,
எனக்கு அது தெரியாது.
இது தண்ணீரோடு போய்விடுகிற ஜாதி இல்லை ஆன்ட்டி,
கொழுப்பில் குடியேறிவிடும், என்றாள்
மலாயும் கடைத்தெருத் தமிழும் கலந்து.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
என் உடம்பு ஆறுகூட இல்லை,
குளம். போட்டது கிடக்கும்.

மூன்று டப்பா எடுத்து வைத்தாள்.
ஒன்றில் மாட்டு ஜெலட்டின். வேண்டாம் என்றேன்,
ஏனென்று கேட்காமல் உள்ளே தள்ளினாள்.
ஒன்று அழகான பெட்டி, அதே ஆயிரம் யூனிட்,
அழகுக்கு மட்டும் இருபது வெள்ளி கூட.
மூன்றாவது சாதா மாத்திரை,
காலாவதி அடுத்த வருஷக் கடைசி.
முப்பத்தெட்டு வெள்ளி, ரசீதோடு.
டாக்டர் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள்,
மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள்.

அதற்குக் கீழ்த் தட்டில்
வெயில் படாமல் காக்கும் க்ரீம்,
இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.

வெள்ளி கொடுத்து ஞாயிறு வாங்கி வந்தேன்.

வேனில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண் இல்லையாம், என்றேன்.
அதற்கு மேல் வாய் வரவில்லை.
தவமலர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
சுங்கை பட்டாணி வரும் முன்னே பார்த்தேன்,
மிச்சமிருந்த மாலை வெயிலில்
பாட்டிலை உருட்டி உருட்டிப் படிக்கிறாள்.
வீட்டில் இன்னும் பதினேழு வைத்திருக்கிறாள்,
காசு கட்டி எடுத்தவை.
தினம் இரண்டு அவளும் விழுங்குகிறாள்.

இரவு ஒரு மணிக்குக் கேன்டீனில்
நாசி லெமாவோடு முதல் மாத்திரை.
எண்ணெயோடு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறுமாம்,
அதில் மட்டும் எங்கள் கேன்டீனை நம்பலாம்.
தவமலர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.
முகம் இன்னும் சரியில்லை.
அந்தக் கடை, என்றாள்,
காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?