ஒன்பது டிகிரி

நரியின் கண்ணை
ஒன்பது டிகிரி கீழே சாய்த்தவள் நான்தான்.
காசு கொடுப்பவருக்காக அல்ல;
தள்ளுவண்டியில் கால் தொங்க உட்கார்ந்திருக்கும்
மூன்றரை வயதுக்காக.
எவாரிஸ்தோ டேப் வைத்து அளந்தார்:
தரையிலிருந்து தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
"அங்கே பார்க்கணும், மிரேயா.
மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்."

பதினோரு வருடம் பார்த்தது.
தால்காவானோ துறைமுகத்தை மழை அறைந்த ஜூன்களில்
சிவப்பு மஃப்ளர் கட்டிக்கொண்டு
பால் கிண்ணத்தில் சறுக்கி விளையாடியது.
என் மகன் அமாரோ பேசிய நான்காவது சொல்
அதன் பெயர்.
அப்பா, ஏழாவது.
நான் சிரித்தேன். அவன் அப்பா சிரிக்கவில்லை.

இப்போது சட்டம் வந்துவிட்டது.
சர்க்கரை மிகுந்த பெட்டிக்குக் கறுப்பு எண்கோண முத்திரை,
பிள்ளைகளைக் கூப்பிடும் முகம் எதுவும் கூடாது.
கூட்டத்தில் வக்கீல் ஆறு முறை சுதந்திரம் என்றார்.
எண்ணினேன். யாருடையது என்று
ஒரு தடவையும் சொல்லவில்லை.
வேண்டாம் என்று பெற்றவர்கள் சொல்லட்டுமே என்றார்.

சொல்லிப் பார்த்திருக்கிறேன் ஐயா.
சம்பள நாள், நீண்ட வரிசை,
முதுகுக்குப் பின்னால் யாரோ விடும் பெருமூச்சு,
வண்டியில் வீறிடும் பிள்ளை,
எதிரே
நான் வரைந்த கண்.

வெள்ளிக்கிழமை மாலை
அடுக்கடுக்காக எடுத்தேன்.
மஃப்ளர். வால். மீசை முடிகள், அவை மட்டும் பதினான்கு.
கண்ணைத் தொடும்போது திரை கேட்டது:
நீக்கவா, மறைக்கவா?
மறை என்றதை அழுத்திவிட்டு
பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

கடையில் ஒரு சிறுமி
முத்திரையின் ஓரங்களை விரலால் எண்ணினாள்.
எட்டு வரை வந்தது, பிறகு மறுபடி ஒன்று.
"இங்கே கார் நிக்கணுமா?" என்று கேட்டாள்.
அம்மா பதில் சொல்லவில்லை.
தள்ளுபடி விலையைப் பார்த்தாள்,
இரண்டு பெட்டி எடுத்தாள்.
ஆனால் யாரும் அழவில்லை.
அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியாமல்
ரொட்டி வாங்க வந்ததை மறந்து நின்றேன்.

திங்கள் காலை எவாரிஸ்தோவின் குரல்:
"மலைக்கு அந்தப் பக்கம் இந்தச் சட்டம் இல்லை.
வியாழக்கிழமை லாரி புறப்படுகிறது.
நரி பத்திரமாக இருக்கிறதல்லவா?"

திறந்தேன்.
வெறும் வெள்ளைப் பெட்டியில்
முதலில் வந்தது கண்.
அது என்னைப் பார்க்கவில்லை,
மேஜை விளிம்புக்குக் கீழே
யாரையோ தேடியது.

நாற்காலியில் மெல்லச் சரிந்து
அந்தப் பார்வைக்குள் உட்கார்ந்தேன்.
தொலைபேசி இன்னும் காதில் இருந்தது.