கவனித்து வருகிறது

இரவு பத்தே முக்காலுக்கு
முதல் கண்டனம் வந்தது.
பைபாஸ் ரோட்டு அலுவலகம், ஏசி ஒழுகும் மூலை,
ஏழாம் பக்கம் என் பொறுப்பு.
டாங்கிகள் நுழைந்த நாடு
மேசைக் கண்ணாடிக்கடியில் இருந்த வரைபடத்தில்
டீக் கறைக்குச் சற்று மேலே இருந்தது.

வல்லரசு ஒன்று ‘கவலை’ என்றது.
இன்னொன்று ‘ஆழ்ந்த கவலை’.
மூன்றாவது, ஒரு மணி நேரம் யோசித்து,
‘மிக ஆழ்ந்த கவலை’.
நாலு காலம் தலைப்புக்கு இடிக்கிறது,
‘ஆழ்ந்த’வை எடுத்துவிடுங்க என்றார் ஜெய்லானி.
எடுத்தேன்.
அடியிலிருந்து யாரும் மிதந்து வரவில்லை.

‘படையெடுப்பு’ என்று எழுதியிருந்தேன்.
‘தலையீடு’ என்று திருத்தினார் சவரிராயன் சார்.
ரெண்டு எழுத்து மிச்சம்.
கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி
யாரும் இருக்கீங்களா என்று கேட்டதுபோல் இருந்தது
அந்தச் சொல்.

இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்:
பதினோரு நாடுகள், ஒரே வாக்கியம்.
கருப்பாயூரணியில் என் சித்தப்பா இடத்துக்குள்
மூன்றடி தள்ளிச் சுவர் எழுப்பியவனையும்
சித்தப்பாவையும்
ஒரே பெஞ்சில் உட்காரவைத்து
ஸ்டேஷனில் சொன்னதும் இதுதான்.
சுவர் இன்னும் நிற்கிறது.
சிமெண்ட் விளம்பரம் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாடு கடைசியாகப் பேசியது.
வாக்கெடுப்பில் கை தூக்கவில்லை.
நிலைமையைக்
கூர்ந்து கவனித்து வருகிறது.

அப்போதுதான் போன்.
உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒச்சம்மாள்.
“மகன் அந்த ஊரு தொறைமுகத்துல
கிரேன் ஓட்டுறான்யா. தவசின்னு பேரு.
மூணு நாளா ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறான்.
டிவியில ஏதோ நம்பர் ஓடுச்சு,
படிக்கிறதுக்குள்ள போயிருச்சு.
கவருமெண்டு என்ன சொல்லுது?”

“கவனிச்சுக்கிட்டு இருக்காங்கம்மா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“கவனிக்கிறதுன்னா?”

பந்தியில் இலை பார்த்துச் சோறு வைப்பதும் கவனிப்பு.
தாலுகா ஆபீசில் ஃபைலுக்கடியில் நகர்வதும் கவனிப்பு.
லாக்கப்பில் விடியும்வரை நடப்பதும்.
எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல்
“பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றேன்.

“எங்கருந்து?”

நம்பர் நாளைக்குப் பேப்பர்ல வரும்மா என்று வைத்துவிட்டேன்.
முழங்கைக்கடியில்தான் கிடந்தது
நம்பர் எழுதிய தாள்.
பக்கம் போக இருபது நிமிடம் என்று
கடிகாரத்தின் மேல் பழி போட்டேன்.

அடியில் நகைக்கடை விளம்பரம்,
அதில் ஒரு மில்லிமீட்டர் தொடமுடியாது.
கண்டனங்களில் ஒன்றை வெட்டினேன்:
எங்கோ ஒரு தீவு, மதுரை பாதிகூட இருக்காது,
அது ஒன்றுதான்
படையெடுப்பு என்றே சொல்லியிருந்தது.
அந்த இடத்தில் தூதரக எண்ணை ஏற்றினேன்.
ஒன்றரைக்கு வேன்கள் கிளம்பின,
தேனி ரோட்டுக் கட்டுகள் முதலில்.

மறுநாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.
“போட்டேன்யா. திருச்சியில ஏதோ பேட்டரிக் கடையாம்.
அந்தத் தம்பி நல்லாப் பேசுச்சு.
மகன் பேரு, வயசு எல்லாம் கேட்டுச்சு.
அந்த நாடு எங்க இருக்குன்னு தெரியலையேம்மான்னு
ரொம்ப வருத்தப்பட்டுச்சு.”

ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.

சரியான எண்ணைச் சொன்னேன்.
எழுத ஆளில்லை,
பக்கத்து வீட்டுப் புள்ள டியூசன் போயிருக்கு,
பேப்பர்லயே போட்டுருங்கய்யா என்றாள்.
கோபம் இருந்திருந்தால்
பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அன்றிரவு ராசிபலனுக்கு மேலே
‘திருத்தம்’ என்று போட்டு
எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன்.
கடைசிச் சொல்லில் விரல் நின்றது.
வருந்துகிறோம்.

‘ஆழ்ந்து’ சேர்க்கலாமா என்று கேட்டேன்.
ஜெய்லானி அளந்து பார்த்தார்.
இடமில்லை.