ஆணித்துளை

பழைய கன்டெய்னர் கதவு,
திருவொற்றியூர் காயலான் கடையில் எடைக்கு வாங்கினது.
தேர்தல் பேனர் ரெண்டு சுற்று, நடுவில் தெர்மாகோல்.
தேசிங்கு அடிக்க அடிக்க
ஆணி எடுத்துக் கொடுத்தேன்.
தரை சரிவாக இருக்கணும், உருகினது ஓட.

பூட்டு மட்டும் புதுசு.
போன தையில் நாலு பார் ஐஸ் களவு போய்
ஒரு பெட்டி வஞ்சிரம் நாறிப்போச்சு.

காசிமேட்டில் இப்போ
எங்க ஐஸுக்குத்தான் சொந்த ரூம்.
உமிக்குள் புதைந்து
சாக்கு போர்த்தித் தூங்குது.

நாங்கள் வெளியே, பாயில்.
பங்குனி ராத்திரி.
கடல்கூட மூச்சு விடலை.

ஓரிடத்தில் ஆணி தப்பி
துளை விழுந்திருந்தது.
எம்சீல் பிசைந்துகொண்டு வந்தான்.
"இருக்கட்டும் விடு" என்று
முதுகை அங்கே வைத்தேன்.

விடியும்வரை
அரை மணிக்கு ஒருத்தராய்
இடம் மாற்றிக்கொண்டோம்.