கொழுப்பில் கரைபவை

முகத்துக்குத்தான் வாங்குகிறார் என்று நினைத்தேன்.
அந்தப் பச்சைக் குளிகையை
எல்லோரும் முகத்துக்குத்தான் வாங்குவார்கள்.
கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்கள்,
செக்காலை ரோட்டு பார்லர்க்காரி,
குண்டூசியால் குத்திப் பிதுக்கி
கற்றாழையோடு குழைத்து.

புதுவயல் அரிசி ஆலைத் தேனப்பன்
மாதம் பன்னிரண்டு அட்டை கேட்பார்.
சிகப்பி ஆச்சி பளபளக்கட்டும் என்று
உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பில் போடுவேன்.
பன்னிரண்டு அட்டை
ஒரு முகத்துக்கு அதிகம் என்று
எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதே கையால் இன்னொன்றும் கொடுத்தேன்.
தாளம் தப்பித் துடிக்கிற இதயத்துக்கு
ரத்தம் கட்டாமலிருக்க ஒரு சின்ன மாத்திரை.
அதற்குச் சீட்டு உண்டு, டாக்டர் கையெழுத்து உண்டு,
மாதாமாதம் ஊசி குத்தி
உறையும் நேரம் பார்ப்பது உண்டு.
பச்சைக்கு ஒன்றும் கிடையாது.
பச்சை என்றால் பச்சைதான்,
கொத்தமல்லி மாதிரி.

நெல்லின் தவிட்டைச் சீவி
இரண்டு தடவை பாலிஷ் போட்டு
பல் போல வெளுத்ததை மூட்டை கட்டுகிறவர்.
தவிடு தனி லாரியில் போவதை
தினமும் நின்று பார்க்கிறவர்.
போனதை அட்டையில் பிடித்துவிடலாம் என்று
காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு.
ஆலைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
‘சத்து 1600’ என்று தேதிவாரியாக
வரவு மட்டும்.
பற்றுக்குக் கோடு கிழித்திருந்தார்,
எழுதவில்லை.

நீரில் கரைகிற சத்து பரவாயில்லை,
மிஞ்சினால் மறுநாள் காலை
மஞ்சளாக வெளியேறிவிடும், காசுதான் நட்டம்.
கொழுப்பில் கரைவது
கடன் கொடுத்தவனைப் போல
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து
உட்கார்ந்துகொள்ளும்.
இதைப் படித்துத்தான் நான் பாஸ் செய்தேன்.

ஆடிச் செவ்வாய், எடைமேடையில் ஒரு லாரி.
“நாற்பத்து” என்றார்.
மிச்ச எண் வரவில்லை.
டிரைவர் முதலில் காத்திருந்தானாம்,
பிறகு வாயின் வலது ஓரம் இறங்குவதைப் பார்த்தானாம்.

மதுரையில் படம் எடுத்தார்கள்.
மூளைக்குள் கசிந்த ரத்தம்
படத்தில் வெள்ளையாகத்தான் இருக்கும்.
ஒரு கைப்பிடிச் சோறு இருந்த மாதிரி இருந்தது
என்றார் ஆச்சி.

“என்னென்ன மருந்துன்னு கேட்டாக, சொன்னேன்.
இது சத்துதானே சகாயராணி,
சத்தை யாரு சொல்லுவா?”

மூன்றாம் நாள் பையைத் துழாவிய நர்ஸ்தான்
அட்டையைக் கண்டுபிடித்திருக்கிறாள்.
இதனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை.
பிரஷர் இருந்தது, வயது இருந்தது,
அந்தச் சின்ன மாத்திரை இருந்தது.
இவ்வளவு அளவில் இதுவும் சேர்ந்தால்
கசிவுக்குக் கதவு லேசாகத் திறக்கலாம்,
இது இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று
யாரால் சொல்ல முடியும் என்றாராம்.
யாராலும் முடியாது.
அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆச்சி வந்தது அதைச் சொல்ல அல்ல.
மிச்சம் ஏழு அட்டை,
ஒன்று பாதி கத்தரித்தது.
“திருப்பி எடுத்துக்குவியளா?”
கத்தரித்ததை எடுக்கக் கூடாது.
எடுத்தேன், என் பர்ஸிலிருந்து கொடுத்தேன்.
அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

பாதி அட்டையில் ஒரு குளிகை உடைந்திருந்தது.
பில் புத்தகத்தில் எண்ணெய் பரவி
தாள் கண்ணாடியானது.
அடியில் கார்பன் நகலில்
போன மாதத்து அவர் பில்,
முதல் வரி அந்தச் சின்ன மாத்திரை,
இரண்டாம் வரி இது,
இரண்டும் என் கையெழுத்து.

இன்று ஒரு பெண் மூன்று அட்டை கேட்டாள்.
“முகத்துக்கா, வாய்க்கா?” என்றேன்.
அவள் சிரித்தாள்.
நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.