ஒரு லிட்டர்

ரேலாவ் ஃபிளாட், பதினாலாவது மாடி.
நைட் ஷிஃப்ட் முடிந்து
ஏழரைக்குக் கதவைத் திறக்கிறேன்.
நேற்று நிரப்பி வைத்த போத்தல் மேசைமேல்.
பேனாவால் நான் போட்ட கோடுகள்:
மாத்திரைக்கு இவ்வளவு,
சோற்றுக்கு இவ்வளவு,
ராத்திரி நாக்கு ஒட்டிக்கொண்டால் இவ்வளவு.
கடைசிக் கோட்டுக்கும் கீழே இறங்கி
போத்தல் காலி.

தனபாலனைத் தராசில் ஏற்றுகிறேன்.
எழுபத்திரண்டு புள்ளி நாலு.
நேற்றைவிட எண்ணூறு கிராம் கூட.
தின்று ஏறிய எடை இல்லை.
கணுக்காலை விரலால் அழுத்தினால்
குழி அப்படியே நிற்கிறது,
எங்கள் லிஃப்டில்
அழுத்தினால் மேலே வராத
ஒன்பதாம் எண் பொத்தான்போல.

டாக்டர் ஷாஹிரா சொன்னது:
ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான், அக்கா.
சூப்பும் கணக்கில் சேரும்.
ரேடியோ சொல்வது:
கடும் வெப்ப எச்சரிக்கை.
நிறையத் தண்ணீர் குடியுங்கள்.
இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.
நடுவில் மாட்டிக்கொண்டது
இவருடைய நாக்கு.

பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர்
ராத்திரி அதை வட்டியோடு கக்குகிறது.
பக்கத்து வீட்டு ஏர்கோன்
அவர்கள் சூட்டை எங்கள் ஜன்னலில் கொட்டுகிறது.
அவர்களையும் குறை சொல்ல முடியாது,
கைக்குழந்தை இருக்கிறது.
சூட்டை வெளியே தள்ள
ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பு, அனுப்பு என்று
உடம்பு விரட்டுகிறது.
அனுப்ப இருப்பதோ
ஏற்கெனவே களைத்துப்போன ஒரே ஆள்.
நான் ஓவர்டைம் பார்த்தால் ஒன்றரைப் பங்கு சம்பளம்.
இதயத்துக்கு யார் தருவது?

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்
சிப்புகளுக்குக் காவல் இருக்கிறேன்.
நகத்தளவு கூட இல்லை ஒவ்வொன்றும்.
அவற்றுக்கு இருபத்தொரு டிகிரி.
ஒரு டிகிரி ஏறினால் அலாரம் அலறும்,
மூன்று எஞ்சினியர்கள் ஓடி வருவார்கள்.
அங்கிருந்து உறிஞ்சிய சூடு
கூரை வழியாக எங்கே போகிறதென்று
பதினோரு வருடத்தில் நானும் கேட்டதில்லை.

மூன்று மணி பிரேக்கில் போன் அடித்தேன்.
'தூங்கலையா?'
'மூணு தலையணை வச்சு உக்காந்திருக்கேன்.'
அப்புறம் பேசவில்லை.
மூச்சு மட்டும் வந்தது.
எண்ணினேன். இருபத்தெட்டு.
பிறகு ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம்.

இப்போது கேட்கிறேன்.
'துணி நனைச்சு நெஞ்சுல போட்டேன்,
குடிக்கல.'
தராசு தரையில் கிடக்கிறது.
நான் அதைப் பார்க்கவில்லை,
அவரும் பார்க்கவில்லை.

கிளினிக்குக்குப் போன் போட்டாயிற்று,
ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள்.
இன்றைய லிட்டரில் பாதியை
ஐஸ் தட்டில் ஊற்றி வைக்கிறேன்.
கட்டியாக உறிஞ்சினால்
கொஞ்சம் அதிக நேரம் வரும்.

அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து
நெஞ்சில் கை வைக்கிறேன்.
'இன்னும் சில்லுனு இருக்கு உன் கை.
எடுக்காதே.'
ஃபேக்டரி பஸ்ஸில் என்னோடு வந்த குளிர்.
எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியும்.
எடுக்கவில்லை.