ரசீது

உதவித்தொகைப் படிவத்தின் ஏழாம் பத்தி:
பயணச் செலவுக்கு ரசீது இணைக்கவும்.

ஷிரே ஆற்றைக் கடத்திவிட்ட கபலாமுலாவிடம்
ரசீது கேட்டாள் தமாண்டா.
அவர் துடுப்பைத் தூக்கிக் காட்டினார்.
சிரித்தாரா, திட்டினாரா,
இன்னும் விளங்கவில்லை.

அக்கரையில் முப்பத்தொரு வீடுகள்.
எந்தக் கிணறு, எத்தனை நாள் வயிற்றுப்போக்கு,
பிழைத்தது யார்,
கடைசிக் கட்டத்தை மட்டும்
பென்சிலால் நிரப்பினாள்.

பிளான்டயரில்
மூன்று பேருக்கு ஒரு மடிக்கணினி.
அவள் முறை இரவு இரண்டிலிருந்து நான்கு,
மின்சாரம் இருந்தால்.
வழிகாட்டிப் பேராசிரியர் ஜெனீவாவில்.
'அருமை, தொடருங்கள்' என்று
ஒன்றரை வரியில் பதில்.

கணக்குப் பிரிவு நியாசுலு அம்மாதான்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வெள்ளைத்தாளில் ஒரு கோடு கிழித்துத் தந்தார்:
"இதன்மேல் அவர் கைநாட்டு போதும்.
போன வருஷம் ஒரு மாட்டுவண்டிக்கும்
இப்படித்தான் பணம் வாங்கிக் கொடுத்தேன்.
சாப்பிட்டாயா?"

ஆற்றைக் கடந்ததற்கு அத்தாட்சி வாங்க
மறுபடி ஆற்றுக்கு.
இந்தப் பயணத்துக்குப் பத்தி இல்லை.

மைப்பெட்டியை நீட்டுகிறாள்.
பெருவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
கபலாமுலா கேட்கிறார்:
"முப்பத்தொன்றில்
என் வீடு எத்தனையாவது?"